நாலு சுற்று அறிவிப்பு

நவம்பர் 27, வியாழன்

காலையில் கற்பூரவல்லி இலை நாலு மென்று, உப்பு வெந்நீரில் கொப்பளித்ததும் தொண்டை வழிக்கு வந்தது. ஜவுளிக்கடைக்கு டிசம்பர் தள்ளுபடி விளம்பரம் பதிவு செய்தாயிற்று. எப்போதும்போல முதலில் பதினைந்து விநாடி நாதஸ்வரம், பிறகு நான். "வாங்கம்மா, வாங்கக்கா, வாங்க மதினி!" மூன்றாவது 'வாங்க'வில் ஒரு இழுப்பு இழுப்பேன். அந்த இழுப்புக்காகத்தான் கடைக்காரர் எட்டு வருஷமாக வேறு குரல் தேடவில்லை.

என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி மைக் செட் கட்டுகிறவர். ஆட்டோவின் தலையில் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு புளியங்கரை முழுக்க என் குரலை ஓட்டிக்கொண்டு போவார். கடைத் திறப்பு, கோயில் கொடைவிழா, காணாமல் போன மாடு, இழவு, எல்லாவற்றுக்கும் என் குரல்தான். ஆனாலும் ஊரில் எனக்குப் பெயர் சீலைக்காரி. இன்று சந்தையில் காய்காரன்கூட, "சீலைக்காரி யக்காவுக்கு ரெண்டு முருங்கைக்காய சேத்துப் போடு" என்று பொண்டாட்டியிடம் சொன்னான். தங்கபுஷ்பம் என்று அப்பா ஆசையாக வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது.

இருபத்து மூன்று வயதில் வானொலியில் செய்தி வாசிக்கத் தேர்வுக்குப் போனேன். எடுக்கவில்லை. அதன் பிறகும் தினமும் காலையில் பேப்பரைச் சத்தமாகப் படிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. "ரேடியோ ஸ்டேஷன் தொறந்தாச்சா?" என்று இவர் கேலி செய்வார். செய்யட்டும், எனக்கென்ன.

நவம்பர் 29, சனி

விடாத மழை. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. இவருடைய பனியனைத் தோசைக்கல்லின் மேல் காட்டி உலர்த்தினேன். அதில் தோசை வாசனை அடிக்கிறது என்று குறை வேறு.

டிசம்பர் 1, திங்கள்

பதினோரு மணிக்கு வி.ஏ.ஓ. வாட்ஸாப்பில் ஒரு அறிவிப்பு அனுப்பினார். அணை நிரம்பிவிட்டதாம். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"அணையின் நீர்மட்டம் முழுக் கொள்ளளவை எட்டியுள்ளதாலும், நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் கனமழை தொடர்வதாலும், வினாடிக்கு இருபத்தெட்டாயிரம் கனஅடி உபரிநீர் எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடும். எனவே கரையோரத் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

என்ன அழகான தமிழ்! எங்கேயும் தடுக்காமல், ஒரே மூச்சில், முதல் தடவையிலேயே பதிவு செய்துவிட்டேன். 'கொள்ளளவை' என்ற சொல்லில் ஒரு 'ள'கூடச் சறுக்கவில்லை. கேட்ட எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

இவர் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "என்ன புஸ்பம், நியூஸ் வாசிச்ச மாதிரில்லா இருக்கு. கனஅடின்னா நம்ம ஊர்ல எவனுக்குத் தெரியும்?" என்றார்.

சர்க்கார் எழுதிக் கொடுத்ததில் நாம் கைவைக்க முடியுமா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன். வெறுமனே போட்டால் மொட்டையாக இருக்குமே என்று முன்னால் அந்த நாதஸ்வரத்தையே சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினவர் நாலு சுற்று சுற்றிவிட்டு மூன்றரைக்குத்தான் சாப்பிட வந்தார். ரசம் ஆறிப்போயிருந்தது. மறுபடி சுட வைத்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

நேற்று ஐந்து மணிக்கெல்லாம் தண்ணீர் வந்துவிட்டது. ஆற்றங்கரைத் தெருவில் முப்பது வீட்டுக்குள் இடுப்பளவு. ஒரு வீட்டுக்காரர்கூட முன்கூட்டிக் கிளம்பவில்லையாம். பாய், பானை, டிவி எல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நாலு சுற்று சொல்லியும் இப்படி. ஜனங்கள் காது கொடுத்துக் கேட்டால்தானே.

ஆடு வளர்க்கும் மாடத்தியைக் காணவில்லை என்கிறார்கள். அவள் இரண்டு நாளைக்கு ஒரு தடவை நம் வீட்டுக்குக் கழுநீர் எடுக்க வருவாள். எங்காவது சொந்தக்காரர் வீட்டில் இருப்பாள். வாளியில் கழுநீரைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 3, புதன்

மாடத்தியின் உடல் நேற்று சாயங்காலம் பாலத்தூணில் ஒதுங்கியிருந்ததாம்.

பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தவள், உள்பக்கத்தில் நின்றுவிட்டேன். 'எச்சரிக்கையை மீறி ஆற்றுக்குச் சென்ற பெண் பலி.' நாலே வரிச் செய்தி. அவள் பெயரைக்கூடத் தப்பாக, மாரியம்மாள் என்று போட்டிருந்தார்கள்.

மத்தியானம் அவள் மகள் செண்பகத்தின் வீட்டார் வந்து இழவு சொல்ல வண்டி கேட்டார்கள். இழவு அறிவிப்புக்கு நாங்கள் இசை போடுவதில்லை. தெருப்பெயர், இன்னார் மனைவி, இன்னார் தாயார், எப்போது எடுக்கிறார்கள், அவ்வளவுதான். பதிவு செய்ய உட்கார்ந்து, இரண்டு தடவை நிறுத்தி, மூன்றாவது தடவையில் முடித்தேன். மாலை வாங்கிக்கொண்டு நானும் வண்டியிலேயே போனேன்.

என் குரலோடு நான் வண்டியில் போவது இதுதான் முதல் தடவை. "ஆற்றங்கரைத் தெரு, காலஞ்சென்ற முத்தையாவின் மனைவியும்..." என்று ஆரம்பித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறந்தது. மிக்ஸி நின்றது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் டியூபைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றான். "யாரு, யாரு?" என்று பெண்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

"அன்னைக்கு நாலு சுத்து வந்தப்போ இப்படி யாராவது வெளிய வந்தாவளா?" என்று இவரிடம் கேட்டேன்.

இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வீட்டுல சன்னலச் சாத்துனாவ" என்றார்.

டிசம்பர் 5, வெள்ளி

வி.ஏ.ஓ. ராஜதுரை வீட்டுக்கே வந்தார். சின்ன வயசுப் பையன், இரண்டு நாள் தூங்காத கண்கள். தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். டிசம்பர் ஒன்றாம் தேதி நான்கு முறை பொதுமக்களுக்குப் புரியும் வகையில் அறிவிப்பு செய்யப்பட்டது என்றும், மேற்படி மாடத்தி அதைப் பொருட்படுத்தாமல் ஆற்றுப்பக்கம் சென்றார் என்றும் அதில் இருந்தது.

"மேலிடத்துல கேக்காவ யக்கா. ஒரு கையெழுத்துப் போட்ருங்க, போதும்."

போட்டுவிட்டேன். டீ குடித்துவிட்டுப் போனார். நாலு தடவை அறிவித்தது உண்மைதானே?

டிசம்பர் 8, திங்கள்

செண்பகம் கழுநீர் வாளி எடுக்க வந்தாள். அவளுக்கு முப்பது வயது இருக்கும். அம்மாவின் அதே நடை. மூன்று ஆடுகளும் கோயில் மேட்டில் ஏறித் தப்பித்துக்கொண்டனவாம். பால் ஊற்றி டீ கொடுத்தேன். கீழேயே உட்கார்ந்துகொண்டாள்.

"யக்கா, ஊர்ல எல்லாவளும் சொல்லுதாளுவ, ஒங்கம்மைக்குத் திமிரு, சொல்லியும் கேக்காம ஆட்டுக்காவ செத்தான்னு. எங்கம்மை அப்படிப்பட்டவளா? எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு."

"அன்னைக்கு நீ வீட்டுலயா இருந்த?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"அம்மைகூடத்தான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். ஒங்க வண்டி வந்துச்சு. நாதஸ்வரம் கேட்டதும் அம்மை சிரிச்சா. 'ஏளா, சீலைக்காரி வந்துட்டா, பொங்கலுக்கு இப்பவே தள்ளுபடி போட்டுட்டான் போலுக்கு'ன்னா. பெறவு என்னமோ பெருசா ஓடுச்சு. 'என்னளா சொல்லுதா?'ன்னு கேட்டா. எனக்கும் வெளங்கல யக்கா. கடை வேற ஊர்லயும் தொறக்காவ போலன்னு சொன்னேன். சாயங்காலம் அம்மை, ஆத்துப்பக்கம் மேயுத ஆட்டப் பிடிச்சுட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போனா."

டீயை ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு சொன்னாள்:

"ஒங்க சத்தம்னா அம்மைக்கு உசுரு யக்கா. அந்த 'வாங்க மதினி'ய ஆட்டுக்கிட்டல்லாம் சொல்லிக் காட்டுவா."

வாளியைத் தூக்கிக் கொடுக்கும்போது கழுநீர் என் காலில் சிந்தியது. அவள் குனிந்து தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

சோறு குழைந்துவிட்டது. பேப்பரைப் பிரிக்கவில்லை.

டிசம்பர் 10, புதன்

ஜவுளிக்கடையில் புது விளம்பரம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். தொண்டைக்கட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இவர் என் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லியே" என்றார். எரிந்து விழுந்தேன். பாவம், அந்த மனுஷன் வெளியே போய் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 11, வியாழன்

யாரும் படிக்காத நோட்டில்கூட மறைத்து வைத்திருக்கிறேன் என்றால் நான் எப்படிப்பட்ட பொம்பளை. எழுதிவிடுகிறேன்.

ஒன்றாம் தேதி வி.ஏ.ஓ. அந்த எழுத்தை மட்டும் அனுப்பவில்லை. அதற்குக் கீழே ஒரு குரல் பதிவும் அனுப்பியிருந்தார். பதிவு செய்ய உட்காருவதற்கு முன்பே அதைக் கேட்டுவிட்டேன். இப்போதும் போனில் இருக்கிறது. இன்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு மறுபடி கேட்டேன்.

"யக்கா, மேல இருக்கது ஆபீஸ் பாஷை. அதப் படிக்காதிய. நம்ம ஜனங்களுக்கு வெளங்குத மாதிரி நீங்களே மாத்திச் சொல்லிருங்க. தண்ணி மாரியம்மன் கோயில் படி வரைக்கும் ஏறும், சாயங்காலத்துக்குள்ள வீட்ட காலி பண்ணுங்கன்னு சொன்னாப் போதும். ஒங்களுக்குத் தெரியாததா."

எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். முப்பது வருஷமாக இந்த ஊர்க்காரர்களிடம் பேசிப் பிழைக்கிறவள் நான். எந்தத் தெருவில் எந்த வார்த்தை எடுபடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு எனக்கு அது வேண்டாமலிருந்தது. தள்ளுபடியும் கொடையும் காணாமல் போன மாடும் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு செய்தி, நிஜமான செய்தி, கைக்கு வந்தது. அதை ரேடியோவில் வாசிப்பதுபோல வாசித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். என்னைத் தேர்ந்தெடுக்காதவர்கள் யாராவது இந்த ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்தால் காதில் விழட்டும் என்றுகூட நினைத்தேன். இதைவிடக் கேவலம் உண்டா?

மாடத்தி "என்னளா சொல்லுதா?" என்று கேட்டிருக்கிறாள். நான் அப்போது ஐந்து நிமிஷத் தூரத்தில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாளில் 'புரியும் வகையில்' என்று ராஜதுரை நம்பி எழுதியிருக்கிறான். நான் பொய்யென்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அவளை நான் இரண்டு தடவை கொன்றிருக்கிறேன்.

டிசம்பர் 12, வெள்ளி

இவரிடம் இன்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். சொல்லவில்லை. மீன் குழம்பு வைத்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

காலை பத்து மணிக்கு வி.ஏ.ஓ. போன் செய்தார். மேலே மழை கொட்டுகிறது, அன்றைக்கு வந்ததைவிடக் கூடுதலாகத் தண்ணீர் திறக்கிறார்கள், நாலு மணிக்கு ஊரைத் தொடும் என்றார். "எழுதி அனுப்பட்டா யக்கா?"

"வேண்டாம். தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு மட்டும் சொல்லுங்க."

பதிவு செய்யவில்லை. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நானே ஆட்டோவில் ஏறினேன். இவர் பழக்கத்தில் நாதஸ்வரத்தைப் போடப் பொத்தானுக்குக் கை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். ஆற்றங்கரைத் தெரு முனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இழவு சொல்வதுபோல ஆரம்பித்தேன். இசை இல்லை, 'அன்பார்ந்த பொதுமக்களே' இல்லை.

"ஆத்தங்கரைத் தெரு. நான் தங்கபுஷ்பம் பேசுதேன். சீலை விக்க வரல. நாலு மணிக்குத் தண்ணி வருது. போன தடவ இடுப்பு வரைக்கும் வந்துச்சு. இந்தத் தடவ ஒங்க வீட்டு வாசல் நிலை உசரத்துக்கு மேல வரும். ஆடு மாட்ட இப்பவே அவுத்து மேட்டுக்கு ஓட்டுங்க. ரேஷன் கார்டு, மாத்திரை, பிள்ளைக்குத் துணி, இத மட்டும் எடுத்துக்கிட்டு பெரிய பள்ளிக்கூடத்துக்கு வாங்க. இசக்கி, ஒங்க மாமியாரால நடக்க முடியாது, இந்த வண்டியில ஏத்து."

கதவுகள் திறந்தன. "யாரு செத்தா?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் நின்று முழுதாகக் கேட்டார்கள். புரியாதவர்கள் கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். ஒரு மணிக்குள் தெரு காலி. நாலே காலுக்குத் தண்ணீர் வந்தபோது அங்கே இரண்டு நாய்கள்தான் இருந்தன. அவையும் நீந்தி மேட்டுக்கு வந்துவிட்டன.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ராஜதுரை, "கலக்கிட்டிய யக்கா" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. மறைக்க மாட்டேன். செண்பகம் மூன்று ஆடுகளையும் பைப்படியில் கட்டிவிட்டு, நான் சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தாள். பொட்டலத்தை வாங்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"யக்கா, ஒங்களுக்கு இப்படிச் சொல்லத் தெரியுமா?"

"என்னம்மா?"

"இப்படி வெளங்குத மாதிரி. இப்படிச் சொல்லத் தெரியும்லா ஒங்களுக்கு? அப்போ அன்னைக்கு ஏன் சொல்லல?"

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பொட்டலங்களை இவரிடம் கொடுத்துவிட்டு அவளை ஆறாம் வகுப்பு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாம் சொன்னேன். நாதஸ்வரம், ராஜதுரையின் குரல் பதிவு, என் ஆசை, கையெழுத்து. போனை எடுத்து அந்தப் பதிவைப் போட்டும் காட்டினேன். அவள் அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முழுக்கக் கேட்டாள்.

"இத என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?" என்றாள். "எங்கம்மை திமிரு பிடிச்சவன்னு நானா சொன்னேன்? ஊர்லா சொல்லுது. ஊருக்குச் சொல்லுங்க. அன்னைக்குச் சுத்துன மாதிரியே நாலு சுத்து சொல்லுங்க."

டிசம்பர் 16, செவ்வாய்

இவரிடம் சொல்லிவிட்டேன். "வண்டிய ஓட்டுனது நான்தான. சன்னலச் சாத்துனதப் பாத்துக்கிட்டேதான ஓட்டுனேன்" என்றார். பிறகு ஸ்பீக்கருக்குள் புகுந்த மழைத் தண்ணீரைத் துடைக்கப் போனார்.

கையெழுத்துப் போட்டது பொய் என்று இரண்டு வரி எழுதி ராஜதுரையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் சொன்னேன்லா யக்கா" என்றார், அவ்வளவுதான். அறிவிப்பு சொல்லப் போகிறேன் என்றதற்கு, "அது வேண்டாம், ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்றார். கெட்ட பெயர் இப்போது மாடத்தியிடம் இருக்கிறது என்றேன். தாளை மடித்துக் கோப்பில் வைத்தார்.

டிசம்பர் 17, புதன்

கற்பூரவல்லி மெல்லவில்லை. பத்து மணிக்கு வண்டி ஏறினோம்.

"புளியங்கரை ஜனங்களே, நான் தங்கபுஷ்பம். மாடத்தி விஷயமாச் சொல்லுதேன். ஒண்ணாந்தேதி தண்ணி வருதுன்னு நான் சொன்னது ஒங்க யாருக்கும் வெளங்கல. தப்பு ஒங்க மேல இல்ல. சீலைக்கடைப் பாட்ட முன்னால போடச் சொன்னது நான். வெளங்குத மாதிரி சொல்லுங்கன்னு வி.ஏ.ஓ. சொல்லியும், என் பெருமைக்காவ நியூஸ் மாதிரி படிச்சது நான். மாடத்தி யார் பேச்சையும் மீறல. அவளுக்கு யாரும் சொல்லவே இல்ல."

முதல் சுற்றில் கடைத்தெருவில் ஜவுளிக்கடைக்காரர் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டு உள்ளே போனார். இனி அங்கே எனக்கு வேலை இருக்காது. இரண்டாவது சுற்றில் டீக்கடையில் ஒருவன், "இதச் சொல்ல வண்டி வேறயா?" என்று கத்தினான். காய்காரன் பொண்டாட்டி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது சுற்றிலும் ஒரு வார்த்தை மாற்றாமல் அதையே சொன்னேன்.

நாலாவது சுற்றில் ஆற்றங்கரைத் தெரு. சேறு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். செண்பகம் வீட்டுச் சுவரில் வாசல் நிலைக்கு மேல் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. வாசலில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லி, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். முடித்ததும் மைக்கை மடியில் வைத்துக்கொண்டேன். இனிப் போகலாம் என்று இவர் வண்டியைக் கிளப்பினார்.

செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து வீடுகளில் நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"இன்னொரு தடவ சொல்லுங்க."

இவர் இன்ஜினை அணைத்தார். மைக்கை எடுத்து, இன்னொரு தடவை சொன்னேன்.